முத்திரை விழுந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள்: அஞ்சல் வரலாறு சேகரிக்க ஓர் அறிமுகம்

2025 செப்டம்பர் 1 முதல் இந்திய அஞ்சல் துறை உள்நாட்டுப் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டது. ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை. ஆகவே பெரும்பாலான அலுவலகங்களில் பதிவுத் தபாலைத் தனிச் சேவையாக வாங்கிய கடைசி வேலைநாள் ஆகஸ்ட் 30. வக்கீல் நோட்டீஸ், வேலை நியமன ஆணை, பல்கலைக்கழகச் சான்றிதழ் என்று தமிழ்நாட்டில் எந்த வீட்டு பீரோவிலும் பதிவுத் தபாலில் வந்த காகிதம் ஒன்றாவது இருக்கும். காகிதத்தைப் பத்திரப்படுத்தியவர்கள் அது வந்த உறையைப் பெரும்பாலும் குப்பையில் போட்டிருப்பார்கள். எந்த ஊரில் எந்தத் தேதியில் பதிவானது, எவ்வளவு கட்டினார்கள், எத்தனை நாளில் வந்தது என்பதற்கெல்லாம் சாட்சி அந்த உறைதான்.

அஞ்சல்தலை சேகரிப்பவர் தலையைப் பார்க்கிறார்: படம், அச்சு, ஓரத் துளை, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி. அஞ்சல் வரலாறு சேகரிப்பவர் பயணத்தைப் பார்க்கிறார். உறையைக் கையில் எடுத்ததும் அவர் கேட்பது மூன்று கேள்விகள். என்ன கட்டணம் செலுத்தப்பட்டது, அது சரியான கட்டணமா? எந்த வழியாகப் போனது? வழியில் யார் யார் என்னென்ன குறி இட்டார்கள், ஏன்? இந்த மூன்றுக்கும் பதில் தருகிற உறை, அதில் ஒட்டியிருப்பது மிகச் சாதாரணமான தலையாக இருந்தாலும், நல்ல உறை. சேகரிப்பாளர்கள் இதை 'கவர்' என்றே சொல்வார்கள். அஞ்சலட்டை, இன்லேண்ட் லெட்டர், பத்திரிகை சுற்றி வந்த தாள், பார்சல் மேலட்டை எல்லாமே இந்தக் கணக்கில் கவர்தான்.

தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுக்கும் பழக்கம்தான் இந்தத் துறைக்கு நேர்ந்த பெரிய இழப்பு. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகள் மூலையை வெட்டித் தலையை எடுத்தார்கள். தலைகள் லட்சக்கணக்கில் பிழைத்தன, உறைகள் அழிந்தன. இன்று பல பழைய தலைகள் தனியாகச் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதே தலை, அதே காலத்துச் சரியான கட்டணத்தில், முழு உறைமேல் வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கில் தேட வேண்டும்.

எது அரிதாகும் என்று முன்கூட்டியே தெரியாது

தனுஷ்கோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வரை போகும்; அங்கிருந்து கப்பலில் தலைமன்னார்; பிறகு இலங்கை ரயிலில் கொழும்பு. தபால் பைகளும் அந்த வழியில்தான் போயின. தனுஷ்கோடியில் சொந்தமாகத் தபால் அலுவலகம் இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலும் கடல் எழுச்சியும் ஊரையே துடைத்தெடுத்தன, ரயில் பாதை போனது, கப்பல் சேவை ராமேஸ்வரத்துக்கு மாறியது. 1963இல் தனுஷ்கோடி முத்திரையோடு ஒரு கடிதம் வந்திருந்தால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்று அது ஒரு முழு ஊரின், ஒரு முழு வழித்தடத்தின் ஆவணம்.

இன்னொரு பாடம் 1971. வங்கதேசப் போரில் வந்த அகதிகளுக்கு நிதி திரட்ட, அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் தபாலுக்கு 5 பைசா அகதிகள் நிவாரண வரி போட்டார்கள். 1973 மார்ச் 31 வரை அது இருந்தது. புதுத் தலை அச்சிட அவகாசமில்லை. ஆகவே புழக்கத்தில் இருந்த 5 பைசா குடும்பக் கட்டுப்பாட்டுத் தலைமேல் 'அகதிகள் நிவாரணம்' என்று மேலச்சு செய்தார்கள். அதுவும் எல்லா ஊர்களுக்கும் போய்ச் சேரவில்லை. கையில் இருந்த தலைமேல் ரப்பர் முத்திரை செய்து குத்திக்கொள்ளும் வேலை அந்தந்த ஊர் அலுவலகங்கள் தலையில் விழுந்தது. டிசம்பர் 1 அன்று தனித் தலை வந்தது. அந்த இடைப்பட்ட இரண்டு வாரத்துக்குள் நாடு முழுக்கப் பிறந்த உள்ளூர் முத்திரை வகைகளை இன்றும் சேகரிப்பாளர்கள் பட்டியலிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவற்றில் தலையை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் அது ஏறக்குறையப் பயனற்றது. எந்த ஊர், எந்தத் தேதி, அந்த 5 பைசா எந்தக் கட்டணத்தோடு சேர்ந்து வந்தது என்பது உறையில்தான் இருக்கிறது. வெறும் தலைமேல் யார் வேண்டுமானாலும் ஒரு ரப்பர் முத்திரை குத்திவிடலாம் என்பதால், உறையில்லாத உள்ளூர் மேலச்சை நம்பி வாங்கவும் முடியாது.

இரண்டு கதைகளிலும் கவனிக்க வேண்டியது, பிற்பாடு தேடப்பட்டவை அன்றாடக் கடிதங்கள் என்பதுதான். நினைவுக்காகத் தயாரித்தவை எப்போதும் ஏராளமாகப் பிழைக்கும், ஏனென்றால் அவற்றை வாங்கியவர்கள் எல்லோருமே பாதுகாப்பவர்கள். 2013 ஜூலையில் தந்திச் சேவை முடிந்தபோது கடைசி நாளில் ஊரெங்கும் வரிசையில் நின்று நண்பர்களுக்கும் தமக்குத் தாமேயும் தந்தி அடித்தார்கள்; அந்தத் தாள்களை யாரும் தூக்கிப் போடவில்லை. முதல் நாள் உறை (புதுத் தலை வெளியான அன்றே முத்திரை வாங்கியது), சிறப்பு உறை (ஒரு நிகழ்ச்சிக்காக அச்சிட்டது), கன்னியாகுமரி போன்ற இடங்களின் படமுத்திரை (அந்த இடத்தின் படம் உள்ள முத்திரை) எல்லாம் அழகானவை, வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எங்கும் பயணம் செய்தவை அல்ல. கவுண்டரில் முத்திரை வாங்கிக் கையோடு வீட்டுக்கு வந்தவை.

இப்போதே எடுத்து வைக்க வேண்டியவை

அஞ்சல் துறையில் சேவைகள் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் முடிகின்றன. கடிதம் போட்டதற்குச் சான்றாகத் தலை ஒட்டி முத்திரை வாங்கிய 'சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங்' 2011 ஜனவரியோடு நின்றது. பழைய காகித மணியார்டர் 2015இல் போனது. பதிவுத் தபாலுக்கு முன்பே பதிவு புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது.

இந்தக் கடைசி நிகழ்வு தமிழ்ப் பதிப்பாளர்களையும் சிற்றிதழ் நடத்துபவர்களையும் நேராகத் தாக்கியது. வாசகருக்கு ஒற்றைப் புத்தகத்தை மலிவாக, பதிவு எண்ணோடு, அனுப்ப இருந்த வழி அது. கல்விப் புத்தகங்களுக்கான 'ஞான் போஸ்ட்' 2025 மே 1இல்தான் தொடங்கியது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய். நடுவில் நாலரை மாதம். அந்த மாதங்களில் புத்தகங்கள் எந்தச் சேவையில், என்ன செலவில் போயின என்பதை அட்டவணை பார்த்துச் சொல்லிவிட முடியாது. பொதி சுற்றிய தாள்களும் அவற்றில் ஒட்டிய எண் பட்டைகளும்தான் சொல்லும். அவற்றை வைத்திருக்கும் பதிப்பகமோ வாசகரோ இருந்தால், இன்றே கேட்டு வாங்கி வைக்கலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடக் கச்சிதமான ஒரு தலைப்பை நாங்கள் சொல்ல மாட்டோம்.

பதிவு பெற்ற பத்திரிகைகளுக்கான சலுகைக் கட்டணமும் அப்படித்தான். 50 கிராம் வரை ஓர் இதழுக்கு 25 பைசா. 25 பைசா நாணயம் 2011 ஜூன் 30க்குப் பிறகு செல்லாது; கட்டணமோ அதற்குப் பிறகும் தொடர்ந்தது. 25 பைசாத் தலை ஒட்டி 2011க்குப் பிந்தைய தேதி முத்திரை விழுந்த பத்திரிகைச் சுற்றுத்தாள் கிடைத்தால் விடவே கூடாது. சுற்றுத்தாளைப் பிரிக்கிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கிழித்துத்தான் பிரிப்பார்கள் என்பதால் முழுதாகக் கிடைப்பது கடினம்.

வெளிநாட்டுத் தபால் தடைப்பட்ட காலங்களும் முக்கியம். 2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கில் விமானங்கள் நின்றன, பல நாடுகளுக்கு அனுப்பிய உறைகள் 'சேவை நிறுத்தம்' குறியோடு திரும்பின. 2025 மே 3இல் பாகிஸ்தானோடு தபால் பரிமாற்றம் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 25இல் அமெரிக்காவுக்கான பொதிகள் நின்றன, சில நாளில் கடிதங்களும் சேர்த்து நிறுத்தப்பட்டன, அக்டோபர் 15இல் மீண்டும் தொடங்கின. இந்தத் தேதிகளுக்கு இருபுறமும் ஒரு வாரத்துக்குள் அனுப்பிய உறை எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். திரும்பி வந்த உறை, போய்ச் சேர்ந்த உறையைவிடப் பெரும்பாலும் அதிகம் பேசும்.

திரும்பி வந்த உள்நாட்டு உறைகளும் அப்படியே. 'கதவு பூட்டியிருந்தது', 'முகவரி மாறிவிட்டார்', 'வாங்க மறுத்தார்', 'முகவரி போதாது' என்று தபால்காரர் பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டு, ஒவ்வொரு நாள் முயற்சிக்கும் தேதி போட்டிருப்பார். இவை வக்கீல் அலுவலகங்களில் அதிகம் சேரும். 1897ஆம் ஆண்டுப் பொது உட்கூறுகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரியான முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பியதைச் சேர்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ள இடம் தருகிறது. நோட்டீஸ்கள் எல்லாம் பதிவுத் தபாலில் போனது அதனால்தான். ஆனால் திரும்பி வந்த நோட்டீஸ் உறை ஒரு வழக்கின் சான்று. வழக்கு முடிந்து, உரியவர் சம்மதித்த பிறகு மட்டுமே கேட்க வேண்டும்.

நம் ஊருக்கே உரியவை சில. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை உறை, வாயை ஒட்டாமல் புக் போஸ்டில் வந்தது. மஞ்சளைத் துடைக்காதீர்கள், அது அழுக்கல்ல. சாவு சொல்லி வந்த அஞ்சலட்டை இதைவிட அரிது, படித்ததும் கிழித்துப் போடும் வழக்கத்தால்.

வங்கி, காப்பீட்டு நிறுவன உறைகளை அழகில்லை என்று ஒதுக்காதீர்கள். இன்றைய தபாலில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். தலைக்குப் பதிலாகக் கட்டணத்தை உறைமேல் அச்சிடும் பிராங்கிங் இயந்திரத்தின் பதிவில் இயந்திர எண், தேதி, தொகை மூன்றும் இருக்கும். முகவரி ஜன்னல் வழியே தெரியும் உறையென்றால், உள்ளே இருக்கும் முகவரித் துண்டையும் சேர்த்தே வையுங்கள். அது இல்லாவிட்டால் எங்கே போன உறை என்றே தெரியாமல் போய்விடும்.

கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது

பதிவுத் தபாலையே வைத்துப் பழகலாம். 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சாதாரண உறைக் கடிதத்துக்கு முதல் 20 கிராமுக்கு 5 ரூபாய், அடுத்த ஒவ்வொரு 20 கிராமுக்கும் 5 ரூபாய். பதிவுக் கட்டணம் 17 ரூபாயாக இருந்தது. பெற்றவர் கையெழுத்தோடு திரும்பி வரும் ஒப்புகை அட்டை வேண்டுமென்றால் இன்னும் 3. ஆகவே 22 ரூபாய் ஒட்டியிருந்தால் 20 கிராமுக்குள் உள்ள பதிவுக் கடிதம். 25 என்றால் அதோடு ஒப்புகை. 27 என்றால் 20 முதல் 40 கிராம் வரை, ஒப்புகை இல்லை. 30 என்றால் அதே எடை, ஒப்புகையோடு. 23 ரூபாய் ஒட்டியிருந்தால் ஒரு ரூபாய் கூடுதல்: கையில் சரியான தலை இல்லாமலிருந்திருக்கலாம், அல்லது சேகரிப்பாளர் ஒருவர் தலைகளை அடுக்கியிருக்கலாம். 2022 ஜூலை 18 முதல் அஞ்சலட்டை, இன்லேண்ட், புக் போஸ்ட், 10 கிராமுக்குக் குறைந்த உறை தவிர்த்த சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. வந்தது. அதற்குப் பிந்தைய உறைகளில் வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்பீட் போஸ்ட் கட்டணம் 2025 அக்டோபர் 1இல் மாறியது: 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47, வரி தனி, பதிவு வேண்டுமென்றால் மேலும் 5 ரூபாயும் அதற்கான வரியும்.

இந்தக் கணக்கு சரிவர வேண்டுமானால் எடை தெரிய வேண்டும். உள்ளடக்கத்தை எடுத்த பிறகு எடை போனது போனதுதான். ஆகவே கடிதத்தை வெளியே எடுக்கும் முன் சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்து ஒரு கிராம் துல்லியத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். தராசு இல்லையென்றால் தாளை எண்ணுங்கள்: 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம். மூன்று தாளும் ஓர் உறையும் சேர்ந்தால் 20 கிராமைத் தொட்டுவிடும்.

தலை குறைவாக ஒட்டிய உறையை வாங்குபவரிடம் குறைந்த தொகையைப் போல இரு மடங்கு வசூலிப்பார்கள். எவ்வளவு என்று உறைமேல் எழுதியிருக்கும். வெளிநாட்டுத் தபாலில் இதற்கு உலகப் பொதுக் குறி 'டி' என்ற எழுத்து. இவையெல்லாம் கறை போலத் தெரிந்தாலும் சேகரிப்பில் முதலிடம் பெறுபவை.

பட்டையிலுள்ள எண்ணையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் 'ஐ.என்.' என்பது உலக அஞ்சல் ஒன்றியத்தின் அமைப்பு. முதல் எட்டு இலக்கம் வரிசை எண், ஒன்பதாவது சரிபார்ப்பு இலக்கம். எட்டையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழியுங்கள். விடை 10 என்றால் 0, 11 என்றால் 5, மற்றபடி வந்த எண்ணே சரிபார்ப்பு இலக்கம். எடுத்துக்காட்டாக 12345678: கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆகவே இலக்கம் 5. பட்டை கிழிந்து ஓர் இலக்கம் மட்டும் போயிருந்தால் பெரும்பாலும் இதை வைத்தே மீட்டுவிடலாம். எண் கிடைத்ததும் அஞ்சல் துறையின் தளத்தில் தேடி, வரும் பயண விவரத்தை அன்றே படமாகச் சேமியுங்கள். அந்த விவரம் அங்கே நிரந்தரமாக இருப்பதில்லை. இன்றைய உறைகளின் பின்புறம் வந்துசேர்ந்த முத்திரை பெரும்பாலும் விழுவதே இல்லை, ஆகவே வழித்தடத்துக்கு எஞ்சும் ஒரே சாட்சி அதுதான்.

பழைய கட்டு ஒன்றில் தேதி தெரியாத உறை வந்தால் முகவரியும் உதவும். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. 'மதராஸ்-17' என்று மட்டும் இருந்தால் அது அனேகமாக அதற்கு முந்தையது, அல்லது பழைய பழக்கம் விடாதவர் எழுதியது. 'மதராஸ் 600017' அடுத்த கட்டம். 'சென்னை 600017' என்று ஆங்கிலத்திலும் அச்சிட்டிருந்தால் 1996 பெயர் மாற்றத்துக்குப் பிந்தையது.

திறப்பது, எடுப்பது, வைப்பது

உறையை விரலால் கிழிக்காதீர்கள். தலையோ பட்டையோ இல்லாத குறுகிய பக்கத்தில், விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விட்டுக் கூர்மையான கத்தியால் கீறுங்கள். முன்பக்கத்தை மட்டும் வெட்டி வைப்பது கூடாது. பழைய பதிவுத் தபாலில் வழி முத்திரைகள் பின்னால் இருக்கும். ஸ்டேப்ளர் ஊசியைத் தட்டையான முனையால் இரு கால்களையும் நிமிர்த்தி எடுங்கள், இழுத்தால் காகிதம் கிழியும். எடுக்காமல் விட்டால் ஒரே மழைக்காலத்தில் துருக்கறை ஏறிவிடும். செலோடேப் ஒட்டிய இடம் சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பசை உள்ளே இறங்கும், ஆகவே கிழிசலை டேப்பால் ஒட்டவே வேண்டாம். லேமினேஷன் செய்த உறை இறந்த உறை. அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

பிளாஸ்டிக் உறை வாங்கும்போது 'பாலியெஸ்டர்' அல்லது 'பாலிபுரோப்பிலீன்' என்று எழுதியதை வாங்குங்கள். பி.வி.சி. வேண்டாம். புது மழைக்கோட்டு போல வாடை அடித்தால் அது பி.வி.சி.தான். அதை நெகிழ்வாக வைக்கச் சேர்த்த எண்ணெய் மெதுவாக வெளியேறி முத்திரை மையைக் கரைக்கும், பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வரும். இன்றைய உறைகளுக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது. கவுண்டர் ரசீதும் சில பட்டைகளும் வெப்ப அச்சு. சூடு பட்டால் முழுதும் கறுக்கும்; வெளிச்சம், சானிடைசர், பி.வி.சி. எண்ணெய் எது பட்டாலும் எழுத்து வெளுக்கும். நூறு ஆண்டுக்கு முந்தைய கரி மை முத்திரை இன்றும் தெளிவாக இருக்க, ஐந்து ஆண்டுக்கு முந்தைய பட்டை வெள்ளைக் காகிதமாகிவிடுவது இதனால்தான். ஆகவே உறை கைக்கு வந்த வாரத்திலேயே இருபுறமும் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள், ரசீதை லேசர் நகல் எடுத்து உறையோடு வையுங்கள்.

உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல், அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் செங்குத்தாக, இறுக்கமில்லாமல் நிறுத்துங்கள். வெளிச்சுவரையும் தரையையும் ஒட்டி வைத்தால் ஈரமும் கரையானும் வரும். உள்சுவர்ப் பக்கம் இரும்பு பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கு அருகில் இருப்பது நல்லது. சென்னையிலும் கடலோர ஊர்களிலும் அது எளிதல்ல. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வெயில் வந்ததும் பெட்டியை நிழலில் திறந்து காற்றாட விடுங்கள். நேராக வெயிலில் காயவைக்கக் கூடாது. நாப்தலின் உருண்டையை உறைகளோடு போடாதீர்கள், சில பிளாஸ்டிக்குகளை அது இளக வைக்கும். பழைய கோந்தையும் மாவுப் பசையையும் தேடி வெள்ளிப்பூச்சி வரும், அதற்கு மருந்து சுத்தமும் உலர்ச்சியும்தான்.

எழுதி வைக்காத உறை பாதி உறை

ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, பின்புறக் கீழ்மூலையில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா கூடாது. மற்றதெல்லாம் நோட்டிலோ கணினி அட்டவணையிலோ: போட்ட தேதி, அலுவலகம், அது தலைமையா துணையா கிளையா, சேவை, எடை, ஒட்டிய தொகை, அன்றைய சரியான கட்டணம், வழி முத்திரைகள், கைக்கு வந்த தேதி, யாரிடமிருந்து கிடைத்தது, ஸ்கேன் கோப்பின் பெயர். அன்றைய கட்டணத்தை இன்றே எழுதுவதுதான் இதில் உயிர்நாடி. கவுண்டரில் ஒட்டியிருக்கும் கட்டணப் பட்டியலை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் படமெடுத்து வையுங்கள். பத்தாண்டு கழித்துத் தேடினால் புதுப் பட்டியல்தான் கிடைக்கும்.

நீங்களே உறை தயாரித்து அனுப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். அனுப்பலாம், சில நிபந்தனைகளோடு. சரியான கட்டணம் மட்டும் ஒட்ட வேண்டும், உள்ளே உண்மையான கடிதம் இருக்க வேண்டும், வேறொரு ஊருக்குப் பயணம் செய்ய வேண்டும், 'சேகரிப்பாளர் அனுப்பியது' என்று பதிவேட்டில் நேர்மையாகக் குறிக்க வேண்டும். 5 ரூபாய் போதும் இடத்தில் பத்து அழகான தலைகளை அடுக்கி 100 ரூபாய்க்கு ஒட்டினால் அது எந்தக் கட்டணத்தையும் காட்டாது. முத்திரை தெளிவாக விழ வேண்டுமானால் தலைகளை வலது மேல்மூலையில் ஒன்றையொன்று தொடாமல் ஒட்டி, சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் இடம் விடுங்கள். பாதி முத்திரை தலையிலும் பாதி உறையிலும் விழும், இரண்டும் பிரியாச் சான்றாகும். பசையை அள்ளிப் பூசினால் ஓரத்தில் பிதுங்கி அடுத்த உறையில் ஒட்டிக்கொள்ளும்.

உறைகள் கிடைக்கும் இடங்கள் பல: பள்ளி அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், அச்சகம், பதிப்பகம், பழைய பேப்பர் கடை. எங்கே எடுத்தாலும் உள்ளே ஆதார் நகல், கணக்கு எண், மருத்துவ அறிக்கை இருந்தால் உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள் அல்லது அழித்துவிடுங்கள். உயிரோடிருப்பவரின் பெயரும் கதவு எண்ணும் உள்ள உறையைப் பொதுவில் காட்டும்போது படத்தில் மறையுங்கள், அசல் உறையில் மை பூசி மறைக்காதீர்கள். ஊரும் பின்கோடும் தெரிந்தால் ஆய்வுக்குப் போதும்.

சேர்த்ததை ஒருநாள் கண்காட்சியில் வைக்க விரும்பினால், ஒரு சட்டகம் என்பது 16 ஏ4 பக்கங்கள். பக்கத்துக்கு இரண்டு உறை வீதம் முப்பதுக்குச் சற்று மேல். சர்வதேச விதிகளில் அஞ்சல் வரலாற்றுப் பிரிவுக்கு 100 மதிப்பெண் பிரிப்பு இப்படி: பொருளைக் கையாண்ட விதத்துக்கு 20, முக்கியத்துவத்துக்கு 10, அறிவுக்கும் ஆய்வுக்கும் 35, நிலைமைக்கு 10, அரிதான தன்மைக்கு 20, பக்க அமைப்பின் தோற்றத்துக்கு 5. பளபளப்பான பக்கத்துக்கு ஐந்தே மதிப்பெண் என்பதையும், கட்டணத்தையும் வழியையும் ஏன் என்று விளக்குவதற்கு முப்பத்தைந்து என்பதையும் பார்த்தால், நேரத்தை எங்கே செலவிடுவது என்று தெரியும். ஒவ்வோர் உறையின் கீழும் மூன்று வரி போதும்: சேவையும் எடையும், கட்டணத்தின் கூட்டல், வழியும் தேதிகளும். உறையில் படிக்க முடியாத முத்திரையை மட்டும் பக்கத்தில் வரைந்து காட்டுங்கள்.